முன்சக்கரத்துக்குப் போக வேண்டிய டயர்

போன மாதம் நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் எனக்கு ஒரு விருந்து வைத்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன பிறகு வைத்த விருந்து. ஏன் இத்தனை தாமதம் என்றால், எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கவில்லையாம். போகட்டும், பிரியாணி நன்றாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது, இப்போது என் இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு கைப்பேசியை நீட்டினார்கள். ஓட்டுகிறவரின் எடையையும் ஓட்டும் பாதையையும் அதில் தட்டினால் போதும். முன்சக்கரத்துக்கு எந்த டயர், பின்சக்கரத்துக்கு எந்த டயர், எதற்கு எவ்வளவு காற்று என்று வரிசையாக வந்து விழுகிறது. இதெல்லாம் தெரியாமல் இத்தனை வருஷம் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு பார்த்தேன் என்றேன். சிரித்தார்கள். அது சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று நான் கதையைச் சொன்னதும், அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் சைக்கிள் வேலை கற்றுக்கொண்டது சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்போது அங்கே ஆளுக்கு ஒரு சைக்கிள். பால்மரம் வெட்டுகிறவர்கள் பின் கேரியரில் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டி, பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். பாரம் முழுவதும் பின்சக்கரத்தில். பாதி வழியில் பின்டயர் வெடித்தால் வண்டி சாயும், பால் கொட்டும், அன்றைய உழைப்பு மண்ணோடு போகும். அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: புது டயர் வாங்கினால் பின்னாடி மாட்டு, முன்னாடி பழசே ஓடட்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்று யாராவது சொல்லித்தருவார்களா? அப்படித்தான் இதுவும்.

பிறகு தோட்டத்தில் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். நான் சுங்கை பட்டாணிக்கு வந்து ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். இருபத்தேழு வருஷம் அங்கேதான். முதல் பாதி பெரிய முதலாளியிடம், மறு பாதி அவர் மகள் தேவியிடம். தேவி பள்ளிச் சீருடையோடு கடைக்கு வந்து காற்றடிக்கும் மிஷினோடு விளையாடிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பாப்பா ஒருநாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இனிமேல் இது மலைச் சைக்கிள் கடை என்றது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிங்க பாஸ்" என்றேன். கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆறு மாதத்தில் அந்தச் சொல் என் வாயில் மரியாதையாக மாறிவிட்டது.

ஒருவர் வந்து டயர் வேண்டும் என்றால், தேவி உடனே டயரை எடுக்க மாட்டாள். முதலில் ஸ்டூல் போடுவாள். எங்கே ஓட்டுகிறீர்கள், செம்பனைக் காட்டிலா ரப்பர் காட்டிலா, மழை விட்ட மறுநாளும் போவீர்களா, கடைசியாக எங்கே விழுந்தீர்கள், எந்தப் பக்கமாக விழுந்தீர்கள் என்று கேட்பாள். விழுந்த கதையைச் சொல்ல எல்லாரும் வெட்கப்படுவார்கள். அவள் காத்திருப்பாள். அதன் பிறகு பழைய டயரை மடியில் போட்டுக்கொண்டு, அதன் பற்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் சாய்த்துப் பார்ப்பாள். டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் அந்த ரப்பர்க் குமிழ்களைத்தான் நாங்கள் பல் என்போம். நடுவில் இருப்பவை உருளுவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும். ஓரத்தில் இருப்பவை வளைவில் வண்டி சாயும்போது மண்ணைக் கவ்வுவதற்கு. ஓரப் பல்லின் அடியில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அவள் விரல் நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். நாற்பது வருஷம் டயரைத் தொட்ட கை என்னுடையது. அந்த விரிசல் என் விரலுக்குத் தட்டுப்பட்டதே இல்லை.

இன்னொரு அதிசயமும் அவள் காலத்தில்தான் பார்த்தேன். இந்த டயர்களுக்குள் டியூப் கிடையாது. ரிம்மில் டயரை உட்கார வைத்து, உள்ளே ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றி, காற்றை ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். டப் டப் என்று இரண்டு சத்தம் கேட்டால் டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் சக்கரத்தைச் சுற்றி, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் படுக்கப் போட வேண்டும். செம்பனை மட்டையின் முள் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டையில் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். முதல் முறை போத்தலைத் திறந்தபோது எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அது ரப்பர்ப் பால், அமோனியா நாற்றத்தோடு. எங்கள் அம்மா விடியலில் வெட்டி எடுத்த அதே பால், எந்த நாட்டுக்கோ போய், போத்தலில் அடைபட்டு, எங்கள் ஊர் முள்ளை அடைக்கத் திரும்பி வந்திருக்கிறது. 

தேவியின் சட்டம் எங்கள் தோட்டத்துச் சட்டத்துக்கு நேர் எதிர். ஒற்றையடிப் பாதையில் ஓட்டுகிறவனுக்கு நல்ல டயர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்பாள். முன்னால் மிருதுவான ரப்பர், உயரமான ஓரப் பல், கொஞ்சம் குறைவான காற்று. பின்னால் கெட்டியான ரப்பர், நடுப் பல் தாழ்வாக, நன்றாக உருளுகிற டயர். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலாட்டும், ஆள் பிழைத்துக்கொள்வான். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரம் கிடைக்காது. பின்டயர் தேய்ந்துவிட்டால் முன்டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்ட வேண்டும். இதை அவள் எத்தனையோ தடவை சொன்னாள். நானும் தலையாட்டினேன். என் தலை ஏற்றுக்கொண்டதைக் கை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அப்போது தெரியாது.

சிவநேசன் சார் பாடாங் செராய்க்காரர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நாற்பத்தெட்டு வயது. தொற்றுநோய்க் கால நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து ஊரெல்லாம் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தபோது அவரும் ஒன்று வாங்கினார். மற்றவர்களின் பைத்தியம் ஆறே மாதத்தில் தெளிந்தது, அவருக்கு முற்றியது. ஞாயிறு காலையில் நாலைந்து ஆசிரியர்களோடு பீடோங் பக்கத்து ரப்பர் காட்டுக் குன்றில் ஏறி இறங்குவார். அவருடைய பின்டயர் வழவழவென்று தேய்ந்துவிட்டது. முன்டயரும் அப்படியொன்றும் நல்ல நிலையில் இல்லை. அந்தச் சமயம் எங்கேயும் டயர் கிடையாது. தேவி அவருக்காக எங்கெங்கோ சொல்லி வைத்து, மூன்று மாதம் கழித்து ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தது. என்ன டயர் அது! பல் ஒவ்வொன்றும் ரப்பர்க்கொட்டை அளவு. தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி மிருது.

அவர் வண்டியைக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை. தேவி சரக்கெடுக்கப் பினாங்குக்குப் போயிருந்தாள். சாருடைய டயர் வந்திருக்கிறது, மாட்டிக் கொடுத்துவிடுங்கள் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எந்தச் சக்கரத்தில் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று என்னை நம்பினாள். கடையில் கூட்டம். பின்டயர் வழுக்கையாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கையில் புது டயர் இருக்கிறது. சாரும் பின்னால்தான் ரொம்பத் தேய்ந்திருக்கிறது என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புதியதைப் பின்னால் மாட்டினேன். சுற்றும் திசை காட்டுகிற அம்புக்குறியை டயர் மேல் சரிபார்த்தேன், பாலை அளந்து ஊற்றினேன், இரண்டு டப் கேட்கும்வரை காத்திருந்தேன். அத்தனை சுத்தமான வேலை. தேய்ந்த முன்டயரைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவர் குன்றிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்து, காறை எலும்பு இரண்டாக உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். வேகமாக வந்தீர்களா சார் என்று கேட்டேன். இல்லையாம், எப்போதும் வருகிற வேகம்தான். அவர் மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஹேண்டல திருப்பணும்னு மூளை சொல்லுச்சு அண்ணே. கை கேக்கல. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு." அவருடைய அப்பாவுக்கு ஐம்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்து, கடைசியில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் போனது எனக்கும் தெரியும். ஐயோ, இந்த மனுஷனுக்கும் அந்தக் கதியா! வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். என்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர்கள் நரம்பெல்லாம் சோதித்து ஒன்றுமில்லை என்றார்கள். சார் நம்பவில்லை. அப்பாவிடமும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்களாம். சைக்கிளை விட்டார். அப்புறம் காரை விட்டார். மனைவிதான் அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பிறகு தன் வேலைக்கு ஓடினார். கரும்பலகையில் எழுதும்போது எழுத்து கோணுகிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்க்கிறார் என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் வந்து சொன்னார்கள். இப்படி எட்டு மாதம்.

எட்டாவது மாதம் அவர் மனைவி அந்தச் சைக்கிளை ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார், விற்றுத் தரச் சொல்லி. தேவி அதை நிறுத்தி, வழக்கம்போல முன்டயரில் விரலை வைத்தாள். பிறகு பின்டயரில் வைத்தாள். மறுபடி முன்னால் வந்தாள். ஓரப் பல் எல்லாம் மழுங்கி, ரப்பர் இறுகிக் கிடந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"அண்ணே, இத யாரு மாட்டுனது?"

"நான்தான் பாஸ்," என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. டயர் எங்கே இருந்தால் என்ன, அவருக்குக் கை வராதது டயராலா என்று ஏதேதோ பேசினேன். தோட்டத்தில் ஆயிரம் சைக்கிளுக்கு இப்படித்தான் மாட்டினேன், ஒருத்தனும் விழவில்லை என்றுகூடச் சொன்னேன். தேவி திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அதோடு முடிந்திருக்கும். அவள் திட்டவில்லை. காய்ந்துபோன பாலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள், காற்றடித்தாள், காலையில் என்னோடு குன்றுக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை அந்தக் காட்டில் நின்றோம். ராத்திரி மழை பெய்து செம்மண் பதமாக இருந்தது. காய்ந்த ரப்பர் இலைகள் மேலே பரவிக் கிடந்தன. பாதை ஓர் ஆள் அகலம், நடுவே வேர்கள். சார் விழுந்த இடம் இல்லை அது. அதைவிடச் சாதுவான வளைவு, கீழே மெத்தையாகப் புல். எனக்குத் தலைக்கவசம், முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் எல்லாம் மாட்டிவிட்டாள். அறுபது வயதில் கண்ணாடி பார்க்க ஆசைப்பட்டேன், கண்ணாடி இல்லை. சாருடைய சைக்கிளில் ஏற்றிவிட்டு, மெதுவாக உருட்டி வந்து வளைவில் சாய்ந்து திரும்புங்கள் என்றாள்.

வந்தேன். ஹேண்டலைத் திருப்பினேன். ஹேண்டல் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் இலையின் மேல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. என் கை என்னுடையதே இல்லை என்று தோன்றியது. அடுத்த நொடி நான் புல்லில் கிடந்தேன். எழுந்திருக்கவில்லை. கவசம் நழுவி முழங்கால் சிராய்த்து எரிந்தது, அதற்காக இல்லை. மூளை சொல்லுச்சு, கை கேக்கல என்று அந்த மனுஷன் சொன்னது இதைத்தான். அவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

தேவி இரண்டு சக்கரத்தையும் கழற்றினாள். அங்கேயே பாதை ஓரத்தில் உட்கார்ந்து டயர்களை இடம் மாற்றினாள். கொண்டுவந்திருந்த பெரிய பம்பால் அடித்தாள், நான்கு டப் கேட்டது. முன்டயரை அமுக்கிப் பார்த்துக் கொஞ்சம் காற்றை விட்டாள். மறுபடி ஏறுங்கள் என்றாள். எனக்குப் பயம். ஆனாலும் ஏறினேன்.

அதே வளைவு, அதே இலை. ஹேண்டலைத் திருப்பினேன். அந்த ஓரப் பற்கள் இலைக்கு அடியில் மண்ணைத் தேடிப் பிடித்ததை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். பொய் சொல்லவில்லை, உள்ளங்கையில். வண்டி சாய்ந்தது, சாய்ந்தபடியே திரும்பியது. பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கி வாலாட்டிவிட்டுத் தானே பின்னால் வந்து சேர்ந்தது. அடேயப்பா! வளைவு முடிந்தும் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் போய்விட்டேன். ரப்பரோடு பிறந்து ரப்பரோடு வளர்ந்தவன் நான். ரப்பரால் இப்படியொரு காரியம் செய்ய முடியும் என்று அறுபது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கேயே இறங்கி, அந்த முன்டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

அன்றைக்கே சாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தானும் வருவதாகத் தேவி சொன்னாள். கடையின் பேர் கெடும், நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். வேண்டாம், மாட்டியது நான் என்றேன். அவளுடைய காரில் பாடாங் செராய்க்குப் போய், சார் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தால் அவள் எனக்காகப் பேசிவிடுவாள் என்று பயம்.

சார் முன் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். என் முழங்காலைப் பார்த்துப் பதறி எழுந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். நல்ல டயர் முன்னால் போயிருக்க வேண்டும், பழக்க தோஷத்தில் பின்னால் மாட்டிவிட்டேன், இன்றைக்கு உங்கள் சைக்கிளை நானே ஓட்டி நானே விழுந்தேன், டயரை மாற்றியதும் விழவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். விழுந்தபோது ஹேண்டல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"ஹேண்டல் திரும்புச்சு சார். சக்கரந்தான் கேக்கல. உங்க கைல ஒண்ணுமில்ல சார். தப்பு என் கைல."

அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் அவர் மனைவி கரண்டியோடு நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எட்டு மாசம் அண்ணே," என்றார். "எட்டு மாசமா நான் சாவுறதுக்குத் தயாராயிட்டு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்தார். என்னைத் தாண்டிப் போய் மனைவியிடம் கையை நீட்டினார்.

"காடி சாவி எங்கம்மா?"

அந்த அம்மா காரின் சாவியை எடுத்துவரத் திரும்பியபோது கரண்டி கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். மனைவி பின்னால் ஏறிக்கொண்டார். கராஜிலிருந்து வெளியே எடுக்க மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. எட்டு மாதம் தொடாத வண்டி, அப்படித்தான் இருக்கும். பெரிய சாலைக்கு வந்ததும் நேராக ஓடியது. வழியெல்லாம் செம்பனை லாரிகள், மோட்டார்கள், வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நான் அவர் கைகளைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் அந்த அம்மாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். 

சுங்கை பட்டாணியில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் இறங்கிக் கதவைச் சாத்தப் போனபோது குனிந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"சைக்கிள விக்க வேண்டாம்னு பாஸ்கிட்ட சொல்லிடுங்க அண்ணே. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்," என்றவர், ஸ்டியரிங்கின் மேலிருந்த கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானே ஓட்டிட்டு வரேன்."